புதிரின் வீடும் பலரின் கைகளும்: மியாவ் உல்ஃப் கலைக்கூட்டின் அறிவியல் புனைவு நிறுவல்களில் மர்மமும் சமூகமும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகரான சாண்டா ஃபேயில் 2008ஆம் ஆண்டு உருவான மியாவ் உல்ஃப் என்னும் கலைக்கூட்டு, பார்வையாளர் உள்ளே நடந்து திரியக்கூடிய பெரும் நிறுவல்களை அறிவியல் புனைவு சார்ந்த மர்மக் கதைகளைக் கொண்டு கட்டமைத்து வருகிறது. இந்நிறுவல்களைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் அவற்றின் காட்சி வியப்பையோ வணிக வெற்றியையோ பேசுவனவாக அமைகின்றன. இக்கட்டுரை அவற்றை எடுத்துரைப்பியல் நோக்கில் அணுகுகிறது. துப்பறியும் கதைக்குத் தேவையான காலக் கட்டுப்பாட்டுக்கும் பலர் கூடிச் செய்யும் சமூகக் கலைக்கு உரிய கட்டற்ற தன்மைக்கும் இடையே உள்ள முரண், 2016இல் திறக்கப்பட்ட ‘ஹவுஸ் ஆஃப் எடர்னல் ரிட்டர்ன்’, 2012இலும் 2021இலும் இருமுறை உருவான ‘ஓமேகா மார்ட்’ ஆகியவற்றில் எவ்வாறு தீர்க்கப்படுகிறது அல்லது தீராமல் விடப்படுகிறது என்பதே இதன் ஆய்வுப்பொருள்.

திறவுச்சொற்கள்: அமிழ்வுக் கலை, சமூகக் கலை, அறிவியல் புனைவு, துப்பறியும் எடுத்துரைப்பு, நிறுவல் கலை, மியாவ் உல்ஃப்.

முன்னுரை

கூட்டின் முதற்சந்திப்பில் வந்திருந்தோர் தாள்துண்டுகளில் சொற்களை எழுதித் தொப்பிக்குள் இட்டனர் என்றும், அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட இரு துண்டுகளில் ‘மியாவ்’ என்பதும் ‘உல்ஃப்’ என்பதும் இருந்தன என்றும் அக்கூட்டினர் தம் பெயர்க்காரணம் கூறுவர. இக்கதை பலமுறை சொல்லப்பட்டுத் தேய்ந்துபோன ஒன்றே. எனினும் ஒரு கூட்டு தன் பெயரை எவருடைய தெரிவாகவும் இல்லாமல் அமைத்துக்கொண்டது என்னும் செய்தி, அதன் பிற்கால ஆக்கங்களைப் படிப்பதற்கு ஒரு தொடக்கத்தைத் தருகிறது. சாண்டா ஃபே அமெரிக்காவின் முதன்மையான ஓவியச் சந்தைகளுள் ஒன்று. அங்குள்ள கேன்யன் சாலை முழுவதும் கலைக்கூடங்கள் நிறைந்தது. அச்சந்தையில் இடம் கிடைக்காத, அதில் இடம்பெற விரும்பாத இளைஞர்களே இக்கூட்டைத் தொடங்கினர். வேண்டாத பொருள்களைத் திரட்டி, அறை முழுவதையும் நிரப்பி, யார் செய்த பகுதி எது எனப் பிரித்தறிய முடியாதவாறு அடுக்கிவைப்பதே அவர்களுடைய தொடக்ககாலச் செயல்முறை.

இத்தகைய செயல்முறை துப்பறியும் கதையோடு இயல்பாகப் பொருந்துவதன்று. துப்பறியும் கதைக்கு, முடிவை முன்னரே அறிந்து தடயங்களை அளந்து வைக்கும் ஒருவர் தேவை. தடயம் எது, வெறும் பொருள் எது என்னும் வேறுபாட்டை அவர் தம் மனத்தில் வைத்திருத்தல் வேண்டும். நூறு பேர் அவரவர் விருப்பப்படி பொருள்களை நிரப்பும் இடத்தில் இவ்வேறுபாடு நிலைப்பது அரிது. அவ்வாறிருந்தும் இக்கூட்டு மீண்டும் மீண்டும் மர்மக் கதையையே நாடியது ஏன்? இவ்வினாவிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

அமிழ்வுக் கலை என்னும் தொடர் இங்கு, பார்வையாளர் கலைப்பொருளின் முன் நிற்காமல் அதனுள் உடலோடு நுழைந்து இயங்கும் ஆக்கங்களைக் குறிக்கிறது. இதன் வேர்களை 1959இல் நியூயார்க்கில் ஆலன் காப்ரோ நிகழ்த்திய ‘ஹேப்பனிங்’ நிகழ்வுகள் வரை கொண்டுசெல்லும் வழக்கம் உண்டு. அவ்வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளமையால் இங்கு விரிக்கப்படவில்லை.

கப்பலும் கடையும்

2011ஆம் ஆண்டு சாண்டா ஃபேயின் தற்காலக் கலை மையத்தில் இக்கூட்டு ‘தி டியூ ரிட்டர்ன்’ என்னும் நிறுவலை அமைத்தது. ஏறத்தாழ 70 அடி நீளமுள்ள ஈரடுக்குக் கப்பலொன்று கலைக்கூடத்துக்குள் கட்டப்பட்டது. அது பரிமாணங்களுக்கு இடையே பயணம் செய்யும் கப்பல். அயல்கோள் ஒன்றின் நிலப்பரப்பில் வந்து தங்கியுள்ளது. பார்வையாளர் கப்பலில் ஏறி அறைகளுக்குள் புகுந்து, அங்குள்ளவற்றைத் தொட்டும் திறந்தும் பார்த்து, இதில் பயணம் செய்தோர் யாவர் என ஊகிக்கலாம். இங்குக் கதை உண்டு; ஆனால் வினா இல்லை. கப்பல் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறியாவிடினும் பார்வையாளருக்கு எந்த இழப்பும் நேராது. மர்மம் இங்கு ஒரு சூழலாக மட்டுமே உள்ளது.

அடுத்த ஆண்டு உருவான முதல் ‘ஓமேகா மார்ட்’ இதனினும் எளியது. பள்ளி மாணவர் பலரோடு இணைந்து ஒரு போலி மளிகைக்கடையை இக்கூட்டு அமைத்தது. டப்பாக்களுக்கும் பொட்டலங்களுக்கும் உரிய பெயர்களையும் சிட்டைகளையும் மாணவர்களே உருவாக்கினர். இந்நிகழ்வு ஆய்வாளர்களின் கவனத்தை மிகக் குறைவாகவே பெற்றுள்ளது. தற்காலிகமாக அமைந்து கலைக்கப்பட்டமையும், கலைஞர் பெயரோடு இணைத்துப் பேச இயலாத சிறார் கைவேலையாக இருந்தமையும் இதற்குக் காரணங்களாகலாம். திறனாய்வு நிலைத்த பொருளையே தேடிச் செல்லும் பழக்கமுடையது. சமூகக் கலையின் மிகச் சிறந்த தருணங்களோ பெரும்பாலும் குப்பைத்தொட்டியில் முடிவன. இக்கடை பற்றிய விவாதம் பின்னர்த் தொடரும்.

வீடு

2016 மார்ச்சில் திறக்கப்பட்ட ‘ஹவுஸ் ஆஃப் எடர்னல் ரிட்டர்ன்’ (இனி ‘மீள்வருகை இல்லம்’), மூடிக்கிடந்த பௌலிங் விளையாட்டுக்கூடம் ஒன்றினுள் கட்டப்பட்டது. சாண்டா ஃபேயில் வாழும் புனைகதையாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் அக்கட்டடத்தை விலைக்கு வாங்கிக் கூட்டுக்கு வாடகைக்கு அளித்தார். ஏறத்தாழ 20,000 சதுர அடிப் பரப்பில், நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்களின் உழைப்பில், எழுபதுக்கு மேற்பட்ட அறைகளும் வெளிகளும் உருவாயின.

நுழைவோர் முதலில் காண்பது இரவு நேரத்து வீட்டு முற்றம். கலிபோர்னியாவின் மெண்டோசினோவைச் சேர்ந்த விக்டோரிய பாணி இரண்டடுக்கு வீடு அது. வாசலில் அஞ்சற்பெட்டி, அதைத் திறந்து உள்ளிருக்கும் தாள்களைப் படிக்கலாம். வீட்டில் செலிக் குடும்பம் வாழ்ந்தது. இப்போது எவரும் இல்லை. சிறுவன் லெக்ஸ் காணாமற்போனான். அவனை மீட்கக் குடும்பத்தினர் மேற்கொண்ட முயற்சியில் காலமும் வெளியும் பிளந்து, வீடே பல உலகங்களுக்குள் திறந்துகொண்டது. இவ்வொழுங்கின்மையைக் கட்டுக்குள் கொண்டுவர முயலும் ‘சார்ட்டர்’ என்னும் மறைவான அமைப்பும் கதையில் உண்டு. நாட்குறிப்பு, கடிதம், செய்தித்தாள், கணினிக் கோப்பு, காணொளி எனப் பல வடிவங்களில் கதைத்துணுக்குகள் வீடெங்கும் சிதறிக்கிடக்கின்றன.

துப்பறியும் கதையை வகைப்படுத்திய தொதரோவ், அதனுள் இரு கதைகள் இருப்பதாக 1966இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார்: நடந்து முடிந்த குற்றத்தின் கதை ஒன்று, அதைக் கண்டறியும் விசாரணையின் கதை மற்றொன்று. முதற்கதை இல்லாத ஒன்று. இரண்டாம் கதையின் வழியாகவே அது வாசகரை அடைகிறது. அச்சு நூலில் இரண்டாம் கதையின் வரிசை ஆசிரியரின் கையில் உள்ளது. எந்தத் தடயம் எந்தப் பக்கத்தில் வெளிப்பட வேண்டும், எதை எவ்வளவு நேரம் மறைக்க வேண்டும் என அவர் முடிவு செய்கிறார். தாமதமே அவ்வகை எழுத்தின் உயிர்.

மீள்வருகை இல்லத்தில் தாமதம் என்பது இயலாத ஒன்று. பார்வையாளர் மாடியிலிருந்து தொடங்கலாம். நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டலாம். அல்லது நுழைந்த சில நிமிடங்களிலேயே சமையலறைக்குச் சென்று குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து, அதனுள் விரியும் ஒளிமிக்க வெண்ணிறப் பாதையில் நடந்து சென்றுவிடலாம். கணப்படுப்பின் வழியாகக் குனிந்து செல்லும் பாதையும், துணி உலர்த்தும் இயந்திரத்தினுள் சறுக்கிச் செல்லும் பாதையும் உண்டு. இவ்வாறு சென்றவர் விசாரணையின் கதையை விட்டு வெளியேறியவர் ஆகிறார். அவருக்கு அப்பால் இருப்பவை: விலா எலும்புகளைத் தட்டினால் இசையெழுப்பும் மாஸ்டடான் எலும்புக்கூடு, ஒளிக்கற்றைகளைக் கையால் மறைத்து மீட்டும் லேசர் யாழ், ஒளிரும் மரங்கள், மர வீடுகள். இவற்றுள் பல, லெக்ஸ் எங்குச் சென்றான் என்னும் வினாவோடு எத்தொடர்பும் கொண்டவையல்ல. அவை தனித்தனிக் கலைஞர்கள் தம் பகுதிகளில் தாம் விரும்பியவாறு உருவாக்கியவை.

‘கதையும் கலையும் ஒட்டவில்லை’ என்பதே இந்நிறுவல் குறித்து எழக்கூடிய முதற்குறை. இக்குறை நியாயமானது, ஆயினும் முழுமையானதன்று. ஒட்டாமையை முன்னுணர்ந்து அதற்கு இடமளிக்கும் வகையிலேயே கதை அமைக்கப்பட்டுள்ளது. வீடு பல உலகங்களுக்குள் பிளந்தது என்று கதை கூறிவிட்டால், எந்த அறையில் எது இருப்பினும் அது கதைக்குள் அடங்கிவிடும். அறிவியல் புனைவின் அடிப்படையாக டார்கோ சுவின் 1979இல் முன்வைத்த ‘நோவம்’ என்னும் புதுமைக்கூறு இங்கு விந்தையான பணியொன்றைச் செய்கிறது. எதையும் சேர்த்துக்கொள்வதற்கான அனுமதிச்சீட்டாக அது மாறிவிடுகிறது. நூறு பேருக்கு இடமளிக்க வேண்டிய ஒரு கூட்டுக்குப் பல்பேரண்டக் கற்பனையைவிட வசதியான கதைக்கரு வேறு இருக்க முடியாது.

இவ்வசதிக்குக் கொடுக்கப்படும் விலையும் உண்டு. சுவினின் கோட்பாட்டில் புதுமைக்கூறு அறிவுவழிப்பட்ட விளைவுகளைக் கொண்டிருத்தல் வேண்டும். ஒன்று மாறினால் அதனால் எவையெவை மாறும் என்பதைப் புனைவு கணக்கிட்டுக் காட்டுதல் வேண்டும். எதையும் விளக்கவல்ல புதுமைக்கூறு எதையும் விளக்காது. இவ்வகையில் மீள்வருகை இல்லம் அறிவியல் புனைவின் உடையை அணிந்த மாயக்கதையாகவே உள்ளது. குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் பாதை, 1950இல் வெளிவந்த நார்னியா கதையின் துணி அலமாரிக்கு மிக நெருங்கிய உறவினது. ஆய்வகத்துக்கு அது தூரத்து உறவுதான்.

எனில் இவ்வீட்டில் எது வலிமையுடையது? வீட்டுப் பகுதியே. ஒளிமயமான காடுகளுக்குள் செல்லுமுன் உள்ள கூடமும் படுக்கையறைகளும் படிப்பறையும், ஒரு குடும்பம் தன் மகனை இழந்து சிதைந்த நிலையைப் பொருள்களின் வழியாகவே உணர்த்துகின்றன. ஹென்றி ஜென்கின்ஸ் 2004இல் கணினி விளையாட்டுகளை முன்வைத்துப் பேசிய ‘பொதிந்த எடுத்துரைப்பு’ என்னும் கருத்து இங்குப் பொருந்தும். பொருளதிகாரம் பயின்ற வாசகர்க்கு இதை வேறொரு சொல்லாலும் கூறலாம். முதலும் கருவும் விரித்துவைக்கப்பட்டு உரிப்பொருள் வெளிப்படக் கூறப்படாமல் விடப்பட்டுள்ளது. கருப்பொருளின் குறிப்பாற்றல் கொண்டு அதைப் பார்வையாளரே எட்ட வேண்டியுள்ளது. ஒப்புமை இவ்வளவில் நிற்றல் நலம். அகப்பாடலின் கேட்போர்க்குத் திணைமரபு முன்னரே தெரியும். மெண்டோசினோ வீட்டின் பார்வையாளர்க்குத் தெரிந்த மரபு, புறநகர் வீட்டின் அமைதிக்குப் பின் ஏதோ ஒன்று உள்ளது என்று ஹாலிவுட் படங்கள் கற்பித்தது மட்டுமே. அம்மரபு குறைவான பொருளையே சுமக்கவல்லது. ஆயினும் காணாமற்போன சிறுவனின் அறையில் நிற்பவர்க்கு அது போதுமானதாகவே இருக்கிறது.

சார்ட்டரின் இடத்தில் நிற்பவர்

இந்நிறுவலின் மிக நுட்பமான கூறு சார்ட்டர் அமைப்பின் வாயிலாக வெளிப்படுகிறது. சார்ட்டர் ஒழுங்கின் காவலர். பிறழ்வுகளைக் கண்டறிதல், ஆவணப்படுத்துதல், கட்டுக்குள் வைத்தல் ஆகியன அதன் பணிகள். கட்டற்ற படைப்பாற்றலோ அதன் பார்வையில் ஆபத்து. கதையின் ஒழுக்க அமைப்பில் பார்வையாளரின் பரிவு இயல்பாகவே சிதறலின் பக்கம், குடும்பத்தின் பக்கம் சாய்கிறது.

ஆனால் மர்மத்தைத் தீர்க்க விரும்பும் பார்வையாளர் செய்வது என்ன? கடிதங்களைத் தொகுக்கிறார், நாள்களை வரிசைப்படுத்துகிறார், எது தடயம், எது தடயமன்று எனப் பிரிக்கிறார், சிதறிக்கிடப்பதை ஒரே கோவையாக்குகிறார். அவர் செய்வது சார்ட்டரின் பணி. மாறாக, கதையைப் பொருட்படுத்தாது உலர்த்தி இயந்திரத்தினுள் சறுக்கிச் சென்று எலும்புகளைத் தட்டி விளையாடும் குழந்தை, பிறழ்வின் பக்கம் நிற்கிறது. இருவகைப் பார்வையாளர்க்கும் கதைக்குள்ளேயே இடம் உள்ளது என்பதோடு, அறிவார்ந்த வாசகர் தம்மை அறியாமலேயே எதிர்த்தரப்பில் நிறுத்தப்படுகிறார் என்பதும் கவனத்துக்குரியது. இவ்வமைப்பு திட்டமிடப்பட்டதா, பலர் கூடிச் செய்ததன் தற்செயல் விளைவா என்பது இங்கு முக்கியமன்று. கதையும் கலையும் ஒட்டவில்லை என்னும் குறைக்கு இந்நிறுவல் தரக்கூடிய உண்மையான விடை இதுவே: ஒட்டச் செய்ய முயலும் ஆசையையே அது ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. திறனாய்வாளரும் இவ்வையத்திலிருந்து தப்ப இயலாது. இக்கட்டுரையின் பகுப்பு முறையும் சார்ட்டரின் கோப்பு முறையை ஒத்ததே.

சமூகம் என்பது எது

சமூகக் கலை என்னும் பெயர் இங்கு இரு வேறு கூட்டங்களைக் குறிக்கக்கூடும்: ஆக்கியோர், நுகர்வோர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொதுவான பிழை.

நுகர்வோர் இடையே தோன்றும் கூட்டுறவு இலேசானது, ஆனால் பொய்யன்று. நியூயார்க்கில் 2011 முதல் 2025 தொடக்கம் வரை நிகழ்ந்த பஞ்ச்டிரங்க் குழுவின் ‘ஸ்லீப் நோ மோர்’ நாடகத்தில் பார்வையாளர் முகமூடி அணிந்து பேசாமல் திரிந்தனர். ஒருவர்க்கு மற்றவர் ஆவி போன்றவர். மீள்வருகை இல்லத்தில் முகமூடியும் இல்லை, மௌனமும் இல்லை. எலும்புக்கூட்டின் விலாக்களைச் சிலர் சேர்ந்து தட்டினால்தான் பண் முழுமை பெறும். நாட்குறிப்பைப் படித்தவர் அருகில் நிற்கும் அயலாரிடம் தாம் கண்டதைச் சொல்ல இடமுண்டு. 2001இல் ‘ஏ.ஐ.’ திரைப்படத்துக்கெனத் தோற்றுவிக்கப்பட்ட ‘தி பீஸ்ட்’ என்னும் விளையாட்டில், எதிர்காலத்தில் நிகழும் ஒரு கொலையின் புதிரைப் பல்லாயிரவர் இணையவழிக் கூடித் தீர்த்தனர். எந்த ஒருவராலும் தனித்துத் தீர்க்க முடியாதவாறு அப்புதிர் அமைந்திருந்தது. அறிவியல் புனைவு மர்மம் ஒரு சமூகத்தை உண்மையாகவே உருவாக்கியதற்கு அதுவே தெளிவான சான்று. மீள்வருகை இல்லம் அத்தகைய தேவையை ஏற்படுத்தவில்லை. புதிரைத் தீர்க்காமல் வெளியேறுவோர்க்கும் நிறைவு கிட்டும் என்பதால், பிறருடன் சேர்ந்தாக வேண்டிய கட்டாயம் எழுவதில்லை.

ஆக்கியோர் கூட்டமே இங்கு வலுவானது. தச்சு, மின்னணுவியல், தையல், இசை, எழுத்து எனப் பல தொழிலறிவுடையோர் ஒரே கூரையின்கீழ் உழைத்தனர். கலைச்சந்தை தனியொருவரின் கையொப்பத்துக்கு விலை வைக்கும் ஊரில், கையொப்பமில்லாத பெரும்பொருள் ஒன்றை அவர்கள் எழுப்பினர். கிளேர் பிஷப் தம் 2012ஆம் ஆண்டு நூலில், பங்கேற்புக் கலையை அதன் நல்லெண்ணத்தைக் கொண்டே மதிப்பிடும் போக்கைக் கடுமையாக மறுத்தார். கலை என்ற அளவில் அது எத்தகையது என்னும் வினாவைக் கைவிடலாகாது என்பது அவர் நிலைப்பாடு. அவ்வெச்சரிக்கையை ஏற்றுக்கொண்டு நோக்கினும், மீள்வருகை இல்லத்தில் அழகியல் பயன் பலர் கைகளின் நேரடி விளைவாக உள்ளமை புலனாகும். அறைக்கு அறை பொருளும் ஒளியும் கைத்திறனும் மாறுகின்றன. ஒரு கதவைத் திறக்கும்போது அப்பால் வேறொருவரின் மனம் உள்ளது என்னும் உணர்வு எழுகிறது. ஒரே வடிவமைப்பாளர் பல்வேறு உலகங்களைக் கற்பனை செய்திருப்பின் இவ்வுணர்வு எழாது.

இரு கடைகள்

2021 பிப்ரவரியில் லாஸ் வேகாஸ் நகரின் ஏரியா15 வளாகத்தில் ‘ஓமேகா மார்ட்’ மீண்டும் திறக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 52,000 சதுர அடி. முன்புறம் பேரங்காடி, கொட்டை இல்லாத கலப்புக் கொட்டைகள் முதலிய நகைப்புக்குரிய சரக்குகள் உண்மையாகவே விற்கப்படுகின்றன. குளிர்பான அலமாரியின் பின்னால் மறைவழி உண்டு. அப்பால் டிராம்கார்ப் என்னும் கற்பனை நிறுவனத்தின் அலுவலகமும் ஆலையும் பிற உலகங்களும். நிறுவனர் வால்டர் டிராம், பொறுப்பேற்ற மகள் சிசிலியா, காணாமற்போன பேத்தி மரின் ஆகியோரைச் சுற்றிக் கதை இயங்குகிறது. இங்கும் காணாமற்போன இளையவர், சிதைந்த குடும்பம். ஆனால் வீட்டின் இடத்தை வணிக நிறுவனம் பிடித்துக்கொண்டுள்ளது.

துப்பறியும் எடுத்துரைப்பு என்ற அளவில் இது முன்னதைவிடச் செறிவானது. இதைத் தயக்கமின்றிக் கூறலாம். பார்வையாளர் ஓர் அட்டையைப் பெற்று டிராம்கார்ப்பின் பணியாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். கருவிகளில் அட்டையைத் தொட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பணிகளை முடித்தால் கதை படிப்படியாகத் திறக்கிறது. யார் எதுவரை கண்டறிந்துள்ளார் என்பதை அமைப்பே நினைவில் வைத்துக்கொள்கிறது. தொதரோவ் கூறிய இரண்டாம் கதையின் வரிசை, இழந்த தன் கட்டுப்பாட்டைக் கணினியின் வழியாக மீட்டுக்கொண்டுள்ளது. தாமதம் மீண்டும் இயல்வதாயிற்று.

இதற்கான விலையையும் பார்க்க வேண்டும். அவ்வட்டை நுழைவுச்சீட்டுக்கு மேல் தனிக்கட்டணம் செலுத்திப் பெறுவது. அதே ஆண்டு டென்வரில் திறக்கப்பட்ட ‘கன்வர்ஜென்ஸ் ஸ்டேஷன்’ நிறுவலிலும் நினைவுகளைச் சேகரிப்பதற்கு இத்தகைய அட்டையே பயன்படுகிறது. அக்கற்பனை உலகில் நினைவே நாணயம். கதையைப் பின்தொடரும் ஆர்வம் ஒரு கூடுதல் சரக்காகிவிட்டது. ஆடம் ஆல்ஸ்டன் 2016இல் வெளியிட்ட நூலில், அமிழ்வு அரங்கு தன் பார்வையாளரைத் தொழில்முனைவோர் போல, முந்திச்சென்று அதிகம் பெறுவோராக மாற்றுகிறது என எழுதினார். டிராம்கார்ப்பின் ‘பணியாளர்’ அக்கூற்றுக்கு ஏறத்தாழ எழுத்தளவில் பொருந்துகிறார்: கட்டணம் செலுத்தி வேலை செய்பவர்.

இதனை நிறுவனப் பண்பாட்டின் மீதான அங்கதம் எனக் கொள்வதே பொதுவழக்கு. அங்கதம் உண்டு, கூர்மையும் உண்டு. ஆனால் பேசுவோர் யார் என்னும் வினா இங்கு எழுகிறது. மியாவ் உல்ஃப் இதற்குள் முதலீட்டாளர்களைக் கொண்ட நிறுவனமாகிவிட்டது. 2017இல் பொதுநல நோக்குடைய நிறுவனங்களுக்கான பி கார்ப் சான்றிதழ் பெற்றது. 2020இல் பெருந்தொற்றின்போது 200க்கும் மேற்பட்ட பணியாளர்கள் வேலையிழந்தனர். அதே ஆண்டு சாண்டா ஃபே பணியாளர்கள் தொழிற்சங்கம் அமைத்தனர். நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டது. தொப்பியிலிருந்து தாள்துண்டு எடுத்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் இடையே ஊதிய ஒப்பந்தம் என ஓர் ஆவணம் வந்தது. இவ்வாவணம் எந்தக் கற்பனைக் கோப்பைவிடவும் அக்கலைக்கூட்டின் வரலாற்றுக்கு இன்றியமையாத தடயம். இதனை வீழ்ச்சி என்று மட்டும் படிப்பது எளிமைப்படுத்தல். ஊதியமின்றி உழைக்கும் நண்பர் கூட்டத்தில் சங்கத்துக்கு இடமில்லை. உழைப்பு ஊதியம் பெறும்போதே அதன் உரிமைகள் பேசப்படுகின்றன. பங்கேற்பின் இனிமையைப் போற்றுவோர் 2011இன் கப்பலைக் கட்டியவர்கள் வாடகை எவ்வாறு செலுத்தினர் என்று கேட்பதில்லை.

ஆகவே 2012இன் கடையையும் 2021இன் கடையையும் ஒப்பிடுவதில் இரு அளவுகோல்கள் தேவைப்படுகின்றன. மர்மக் கதையின் கட்டமைப்பில் இரண்டாவது உயர்ந்தது. முதலாவதற்குச் சொல்லத்தக்க மர்மமே இல்லை. சமூக ஆக்கம் என்னும் நோக்கில் முதலாவது உயர்ந்தது. சிட்டை எழுதிய மாணவர் கடையின் நுகர்வோராகவும் ஆக்கியோராகவும் ஒருங்கே இருந்தார். தாம் செய்த டப்பாவைத் தாமே அலமாரியிலிருந்து எடுத்துப் பெற்றோரிடம் காட்டக்கூடியவராக இருந்தார். இரண்டாவதில் கலைஞர் வேறு, கதையெழுதுவோர் வேறு, வாயிலில் நிற்கும் ஊழியர் வேறு, அட்டை வாங்கும் பார்வையாளர் வேறு. மர்மம் இறுகும்தோறும் இப்பிரிவுகளும் இறுகுகின்றன. இது தற்செயலன்று. ஒரு புதிர் முறையாக அவிழ வேண்டுமெனில் அதன் விடையை அறிந்தோரும் அறியாதோரும் எனப் பிளவு இருந்தாக வேண்டும். ஆக்கியோரும் நுகர்வோரும் ஒருவரே ஆகும் இடத்தில் அப்பிளவு கிடையாது.

மீள்வருகை இல்லம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதன் புதிர் தளர்ந்தது. அத்தளர்வின் இடைவெளிகளில்தான் நூறு பேரின் அறைகள் இடம்பெற்றன. லாஸ் வேகாஸ் கடையின் சரக்குகளுக்கு நிழற்படங்களும் விலைப்பட்டியலும் உண்டு. வருங்கால ஆய்வாளர் அவற்றை எளிதில் பெறுவர். சாண்டா ஃபே மாணவர்கள் 2012இல் எழுதிய சிட்டைகளுள் எவையெவை, எந்த வீட்டு அலமாரியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதைத் தேடுவதற்கு அவ்வூருக்குச் சென்று, இன்று இளைஞர்களாகிவிட்ட அவர்களிடமே கேட்க வேண்டும். அத்தகைய வாய்மொழிப் பதிவே இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணி.